பூச்சில்லாத கப்பல்

காண்ட்ராக்டர் பாண்டிச்செல்வம் கொத்தனார் வீரணனுக்குத் தரவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய். அது கைமாற்றாகக் கொடுத்த பணமில்லை. சனிக்கிழமைதோறும் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவைத்தது.

இப்படி நிறுத்திவைப்பது கட்டட வேலையில் அந்தப் பக்கத்து வழக்கம். கொத்தனார் பாதியில் வேறு சைட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று காண்ட்ராக்டர் வாரக் கூலியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார். சுவர்ப் பூச்சு முடிகிற அன்று மொத்தமாகக் கையில் வைப்பார். வீட்டுக்காரர் காண்ட்ராக்டருக்குக் கொடுப்பதும் அப்படித்தான். அஸ்திவாரத்துக்கு ஒரு பணம், கூரைக்கு ஒரு பணம், கடைசிப் பணம் பூச்சுக்கு. ‘பூச்சு முடிஞ்சதும் தாரேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் எழுதிக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். பாண்டிச்செல்வமும் வேலைக்குக் கூப்பிட வீரணனின் ஊரான தேவதானத்துக்கு வந்தபோது அதைத்தான் சொன்னான். அவன் வீரணனுக்கு மாப்பிள்ளை முறை. மாமன் மாப்பிள்ளைக்குள் பேப்பர் எதற்கு என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அந்த வீட்டுக்குப் பூச்சே கிடையாது என்பது கூரை போட்ட பிறகுதான் வீரணனுக்குத் தெரிந்தது.

கப்பல் மியூசியத்தைத் தெரியாதவர் ராஜபாளையத்திலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே, கண்மாய்க்கரை ஓரத்தில், கடலையே பார்க்காத மண்ணில் ஒரு கப்பல் நிற்கும். அந்தக் காலத்து மில் முதலாளி ஒருவர் ரங்கூன் போய்வந்த ஆசையில் கட்டியது. கூரான முகப்பு, வட்ட வட்ட ஜன்னல், சுவரின் அடியில் சுண்ணாம்பில் செய்த அலைகள். உள்ளே அவர் சேர்த்துவைத்த துப்பாக்கிகள், கடிகாரங்கள், பஞ்சடைத்த மலையணில் ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுவார்கள். போகப்போகக் கூட்டம் குறைந்தது. வாரிசுகள் சாமான்களை வெளியூர் மியூசியம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டடத்தை விற்றார்கள். வாங்கியவர் கௌதம்ராஜ். ராஜபாளையத்துக்காரர், ஆனால் ரொம்ப வருஷமாகச் சிங்கப்பூர். மியூசியத்தை வீடாக்கிக் குடிவரப் போகிறார் என்றார்கள்.

வீரணனின் முதல் சந்தேகம் அங்கேயே தொடங்கியது. கையில் காசுள்ளவன் புது வீடு கட்டுவான், ஊரார் டிக்கெட் எடுத்துப் பார்த்த கட்டடத்தில் போய்ப் படுப்பானா? வீரணனின் மனைவி வெள்ளத்தாய் அதே சைட்டில் சித்தாள். அவளுக்குச் சந்தேகம் கிடையாது, சிரிப்புதான்.

“அணில் நின்ன எடத்துலதான் கட்டில் போடப் போறாவளாம்” என்றாள். “பொண்டாட்டி எந்திரிச்சு நின்னாக்கூட எவனாவது டிக்கெட்டு எங்கன்னு கேப்பான்.”

வேலையைப் பார்த்துச் சொன்னவள் ஷெரின் என்கிற இன்ஜினியர் பெண். வரைபடம் எல்லாம் அவளுடையது. நாகர்கோவில் பக்கம், இருப்பது சென்னையில். வாரம் ஒருமுறை வருவாள். சுண்ணாம்பு அலைகளையும் நங்கூரத்தையும் முதலில் கொத்தி எடுக்கச் சொன்னாள். பழைய பூச்சு முழுவதும் உரிந்து செங்கல் தெரிந்தது. நடுவிலிருந்த மூன்று கூடங்களையும் இடித்து ஒரே கூடமாக்கினார்கள். அதன் எதிர்ப்புறம் இரண்டு ஆள் உயரத்துக்குப் புதிதாக ஒரு கான்கிரீட் சுவர். வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதற்குப் பலகை அடித்ததும் கான்கிரீட் போட்டதும் வீரணன். பலகையின் ரேகை ஒன்றோடொன்று சேரவேண்டும் என்று ஷெரின் ஒரு தடவை அடித்ததைப் பிரிக்கவைத்து மறுபடி அடிக்கச் சொன்னாள். பலகையைக் கழற்றிய அன்று பார்த்தால், சுவரில் மரத்தின் ரேகை அப்படியே ஓடியது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். தண்ணீர் ஒட்டாமலிருக்க ஏதோ மருந்தை அதன்மேல் அடிக்கவைத்தாள்.

பூச்சை எப்போது ஆரம்பிக்கலாம் என்று வீரணன் கேட்டான். பூச்சு எங்கேயும் இல்லை, செங்கல் செங்கலாகவே இருக்கும், கான்கிரீட் கான்கிரீட்டாகவே இருக்கும், இதற்குப் பூச்சைவிட இரண்டு மடங்கு செலவு என்று அவள் சொன்னாள். காசில்லாதவர்கள் பேசுகிற பேச்சை வீரணன் நிறையக் கேட்டிருக்கிறான். சம்பந்தி வீட்டாருக்குக் கறிச்சோறு போட முடியாதவன்தான் நாங்கள் சைவம் என்பான்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் கௌதம்ராஜிடம் காசில்லை என்பதற்குச் சாட்சியாகவே ஆனது. தரைக்கு டைல்ஸ் கிடையாது, வெறும் சிமெண்ட் பால். கரண்ட் பைப்பைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியிலேயே ஓடவிட்டார்கள். சமையல்கட்டு அலமாரிக்குக் கதவில்லை. டிக்கெட் கொடுத்த அறை செருப்பு விடுகிற இடமாம், அதற்கும் கதவில்லை. பூஜை அறை எங்கே என்றால் வரைபடத்தில் ஒரு மூலையைக் காட்டினாள். அதில் ஒரு ஜன்னல்தான் இருந்தது.

எதிரே டீக்கடை வைத்திருந்த சங்கையா தினமும் கேட்டார். “என்ன வீரணா, கப்பல் கவுந்துருச்சு போலுக்கே?”

வீரணனுக்கு இது வேடிக்கையில்லை. வலது தோள்பட்டை இரண்டு வருஷமாகத் தேய்ந்துகொண்டு வருகிறது. கை தலைக்குமேல் போனால் திரும்பி வர மனசில்லாமல் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய மெஷின்கள் வாங்கி விற்கிற பீர் மைதீனிடம் அவன் ஒரு கலவை மெஷின் பேசி வைத்திருந்தான். அதை வாங்கி வாடகைக்கு விட்டால் இனிச் சாரம் ஏற வேண்டாம். முன்பணம் கொடுத்தாயிற்று. மீதிக்கு இந்தப் பாக்கிதான். ஆடி முடிவதற்குள் பணம் வரவில்லையானால் கூமாப்பட்டிக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிடுவேன், முன்பணம் திரும்பாது என்று பாய் சொல்லியிருந்தார்.

ஆடி பிறந்ததும் வீரணன் அவர் கடைக்குப் போனான். செத்த நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். பணம் என்னாச்சு என்று பீர் மைதீன் கேட்டார். மனசில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

“பாய், அந்தச் சிங்கப்பூர்க்காரரு நொடிச்சுப் போயிட்டாரு. சுவத்தப் பூசக்கூட வழியில்லாம அப்படியே விடச் சொல்லிட்டாரு.”

பீர் மைதீன் உச்சுக்கொட்டினார். அவருடைய மச்சான் ஷாநவாஸ்தான் ராஜபாளையத்தில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். கப்பல் வேலைக்குச் சிமெண்ட் கடனாகப் போவது அங்கிருந்துதான். இது வீரணனுக்கும் தெரியும். ஆனால் பேசும்போது நினைவில் வரவில்லை.

அந்த வாரமே சிமெண்ட் லாரி வரவில்லை. ஷாநவாஸ் பழைய கணக்கைத் தீர்த்தால்தான் புது மூட்டை என்று சொல்லிவிட்டார். பாண்டிச்செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பிக் கடைக்காரரும் அதையே சொன்னார். மூன்று வாரம் வேலை இழுத்தது. சனிக்கிழமைக் கூலியே அரைகுறையானது. பாண்டிச்செல்வம் சென்ட்ரிங் பலகைகளை ஒரு வண்டியில் ஏற்றி வேறு எங்கோ அனுப்பினான். போன் வந்தால் தள்ளிப் போய்ப் பேசினான். மாப்பிள்ளை ஓடப் பார்க்கிறான் என்று வீரணன் முடிவு கட்டினான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனை மறித்துக் கேட்டான்.

“மாப்ளே, என் பாக்கி?”

“பூச்சு முடிஞ்சதும்னுதான மாமா பேச்சு.”

“பூச்சுதான் இல்லேங்கியே.”

பாண்டிச்செல்வம் செருப்பு நுனியால் மணலைக் கிளறினான். “அதான் எனக்கும் விளங்கல. கடைசிப் பணத்த எப்பத் தருவாவன்னு நான் யாருகிட்டக் கேக்க? சிங்கப்பூருக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்காரு.”

அவன் போன பிறகு வீரணனுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பூச்சு முடிந்தால் பணம். பூச்சே இல்லாத வீடாக வரைந்துவிட்டால் பணமே இல்லை. எம்புட்டுப் படித்த மூளை இருந்தால் இப்படி ஒன்று தோன்றும். பெரிய வீட்டுக்காரர், இன்ஜினியர், காண்ட்ராக்டர் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் வரைபடம் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது வெள்ளத்தாயிடம் சொன்னான். நம்ம நாற்பதாயிரத்துக்காக ஒரு மியூசியத்தையே விலைக்கு வாங்கினாங்களாக்கும் என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி அவன் காதில் ஏறவில்லை. பூச்சு இல்லையென்றுதானே பணம் இல்லை என்கிறார்கள், நாமே பூசிவிடுவோம் என்றான்.

மறுநாள் ஞாயிறு. சைட்டில் ஆளில்லை. கருவி அறைச் சாவி வீரணனிடம்தான் இருக்கும். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது, சாரல் வருவதும் நிற்பதுமாக இருந்தது. மிச்சமிருந்த இரண்டு மூட்டை சிமெண்டை எடுத்தார்கள். வெள்ளத்தாய் மணல் சலித்துக் கலவை போட்டாள். அந்தப் பெரிய கான்கிரீட் சுவரைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான். முதலில் கண்ணில் படுவது அதுதானே.

வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்க வேண்டுமென்றால் முதலில் சுத்தியலால் அங்கங்கே கொத்தி விடவேண்டும். வீரணன் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினான். உளியைச் சுவரில் வைத்தான். பலகையின் கணு ஒன்று கண்ணுக்கு நேரே அப்படியே பதிந்திருந்தது. அந்தப் பலகையை எங்கே அடித்தோம், பக்கத்துப் பலகையோடு எப்படிச் சேர்த்தோம் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. பிரித்து மறுபடி அடித்த அன்று தோள் வலியில் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவன் உளியைக் கீழே போட்டான்.

“கொத்தாமப் பூசுனா நிக்குமாங்க?” என்று வெள்ளத்தாய் கீழிருந்து கேட்டாள்.

“பணம் வாங்குத வரைக்கும் நின்னாப் போதும். கலவையக் குடுட்டி.”

சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்கப் பூசி, தேய்த்து, மட்டம் பார்த்துவிட்டான். வலது கை தூக்க முடியாமல் போனபோது இடது கையால் தேய்த்தான். இப்போதுதான் இது சுவர் மாதிரி இருக்கிறது, இத்தனை நாளும் குளித்துவிட்டுத் துணி உடுத்தாமல் நின்ற மாதிரி இருந்தது என்றாள் வெள்ளத்தாய்.

திங்கள் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து அந்தச் சுவருக்கு முன்னே நின்றுகொண்டான். பாண்டிச்செல்வம் உள்ளே நுழைந்ததும் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் பாண்டிச்செல்வம் தனியாக வரவில்லை. பின்னால் ஷெரின் வந்தாள். அவளோடு நரைத்த தாடியும் கசங்கிய சட்டையுமாக ஒருவர். கௌதம்ராஜ். யாரிடமும் சொல்லாமல் மதுரையில் இறங்கி நேரே வந்திருந்தார்.

ஷெரின் சுவரைப் பார்த்தாள். கத்தவில்லை. பக்கத்திலிருந்த மணல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வீரணன் ஒரு அடி முன்னால் வந்தான். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது. பெரியவர், சின்னவர் எல்லாரும் சாட்சியாக நிற்கிறார்கள்.

“மாப்ளே, பூச்சு முடிஞ்சுபோச்சு. என் பாக்கியக் குடுத்துரு.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். சுவரின் உச்சியிலிருந்து தோசை அகலத்துக்கு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. தண்ணீர் ஒட்டாத மருந்தில் கலவை எப்படி ஒட்டும்? அதன் பக்கத்திலிருந்து இன்னொன்று வழுக்கியது. வீரணன் திரும்பாமலே நின்றான். விழுந்த இடத்தில் மர ரேகை ஈரத்தோடு கறுத்து மினுங்கியது. ஷெரின் எழுந்து ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை, கொத்தவில்லை, கழுவினால் போய்விடும் என்று அவள் சொன்னாள்.

கௌதம்ராஜ் இது என்ன பாக்கி, என்ன பூச்சு என்று கேட்டார். வீரணன் வழக்கத்தைச் சொன்னான். கோபமாக ஆரம்பித்து, போகப்போகத் தரையைப் பார்த்துச் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு பாண்டிச்செல்வத்தின் பக்கம் திரும்பினார்.

“சிமெண்ட்டுக் கடையில உங்களுக்குக் கடன நிறுத்திட்டாங்கன்னு என் சித்தி மகன் சொன்னான். நான் அனுப்புன பணத்த என்ன செஞ்சீங்கன்னு பாக்கத்தான் சொல்லாம வந்தேன். அதுக்குத்தான் போனையும் எடுக்கல.”

பாண்டிச்செல்வத்தின் முகம் வெளுத்தது. “சார், கடன நிறுத்துனதே உங்களால. நீங்க நொடிச்சுப் போயிட்டீகன்னு கடைத்தெரு பூராப் பேச்சு.”

“நானா? யார் சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

வெள்ளத்தாய் வீரணனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். வீரணனின் கண்ணுக்கு முன்னால் பீர் மைதீன் உச்சுக்கொட்டினது வந்து நின்றது. அங்கிருந்து சிமெண்ட் கடை, அங்கிருந்து கம்பிக் கடை, அங்கிருந்து சித்தி மகன், அங்கிருந்து சிங்கப்பூர். தன் வாயிலிருந்து கிளம்பின சொல் கடல் தாண்டிப் போய், விமானம் ஏறி வந்து எதிரே நிற்கிறது. அவனும் குனிந்து வெள்ளத்தாயோடு துண்டுகளைப் பொறுக்கினான்.

கடைசிப் பணத்தை இன்றைக்கே தந்துவிடுகிறேன், கடைக்காரர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்று கௌதம்ராஜ் சொன்னார். பாண்டிச்செல்வத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் காண்ட்ராக்டர் புத்தியும் கூடவே வந்தது. பூச்சுதான் விழுந்துவிட்டதே, அதைப் பூச்சு என்று எப்படிச் சொல்வது, மாமாவின் கணக்கைக் கிரகப்பிரவேசத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தான்.

வெள்ளத்தாய் குனிந்தபடியே சொன்னாள். “பூசுனது பூசுனதுதான் தம்பி. நிக்கணும்னு பேச்சுல இல்லையே. கழுவுததுக்குத் தனிக் கூலி.”

கௌதம்ராஜ் முதல்தடவையாகச் சிரித்தார். இந்த வீட்டுக்குப் பூச்சு முடிந்துவிட்டது, இனி யாரும் பூசவேண்டாம் என்றார். ஷெரின் சிரிக்கவில்லை. அவளே தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சுவரைக் கழுவினாள். வீரணன் துணியால் ரேகைகளுக்குள் இருந்ததைத் துடைத்தான். இரண்டு பேரும் மத்தியானம்வரை அந்த வேலையைச் செய்தார்கள். முடிந்ததும் அவள் தள்ளி நின்று பார்த்து, பழையபடியே இருக்குண்ணா என்று மட்டும் சொன்னாள்.

பணத்தைப் போனில் அனுப்பட்டுமா என்று பாண்டிச்செல்வம் கேட்டான். வீரணன் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டாக வேண்டும், அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாய் கடையில் வைத்து, பாய் பார்க்கத் தரவேண்டும் என்றான். மாமனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லையா என்று அவன் முகம் சுளித்தாலும் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான்.

அங்கே போய் நின்ற பிறகுதான் தான் செய்த மடத்தனம் வீரணனுக்கு உறைத்தது. இந்தக் கடையில் மட்டும் இவனை நிறுத்தியிருக்கக் கூடாது. அதற்குள் பாண்டிச்செல்வம் நோட்டுக்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். பீர் மைதீன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ஏங் கொத்தனாரே, சிங்கப்பூர்க்காரரு நொடிச்சுட்டாருன்னு நீருதான வந்து சொன்னீரு? இப்ப இம்புட்டுப் பணம் எங்கருந்து வருது?”

பாண்டிச்செல்வத்தின் கை கட்டின்மேலேயே நின்றது. வீரணனைப் பார்த்தான்.

“நீயா மாமா?”

“பூச்சு இல்லேன்னதும் அப்படித்தான் தோணுச்சு மாப்ளே. நீ ஓடிருவன்னு நெனச்சேன்.”

“மூணு வாரம். சோறு இறங்கல எனக்கு. ஷாநவாஸ் பாய் கடை வாசல்ல என்னைய நிக்கவெச்சுப் பேசுனாரு.”

வீரணன் தலையாட்டினான். வேறு என்ன செய்வது. பணத்தை அவன் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாலும் கேட்க முடியாது என்று தோன்றியது. மெஷினைப் பார்த்தான். அது மூலையில் வாயை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ரெண்டு மூட்டை சிமெண்ட் காசை இதிலேயே கழித்துக்கொள் என்றான், அவனாகவே.

பாண்டிச்செல்வம் கையை எடுத்தான். நோட்டுக்கட்டைப் பீர் மைதீன் பக்கமாக ஒரே தள்ளாகத் தள்ளினான்.

“ஒண்ணும் கழிக்க வேண்டாம். பேசுனது பேசுனதுதான். ஆனா ஒண்ணு, இனிமே உன் கூலியில நான் ஒத்தப் பைசா பிடிக்க மாட்டேன். வாராவாரம் மொத்தத்தையும் வாங்கிட்டுப் போயிரு. உன் பணம் எங்கிட்ட இருந்தா எனக்குத்தான் ஆபத்து.”

அவன் அதைத் திட்டாகத்தான் சொன்னான். ஜில்லா முழுக்க எந்தக் கொத்தனாருக்கும் கிடைக்காத சலுகை அது என்பது மூன்று பேருக்குமே உடனே விளங்கியது. பீர் மைதீன் தாடியைத் தடவிச் சிரிப்பை மறைத்தார்.

வாசல்வரை போன பாண்டிச்செல்வம் திரும்பினான். சத்திரப்பட்டியில் அடுத்த வாரம் ஒரு வீட்டுக்குக் கூரை போடுவதாகச் சொல்லி, மெஷினுக்கு நாள் வாடகை எம்புட்டு என்று கேட்டான்.

வீரணன் யோசித்தான்.

“வாடகைய முன்னாடியே தந்துரணும் மாப்ளே.”

பாண்டிச்செல்வம் பைக்கை உதைத்தான். உள்ளே பீர் மைதீன் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நோட்டையும் பார்த்து முடித்த பிறகுதான், கணக்குத் தீர்ந்தது, மெஷினை ஏற்ற வண்டியைக் கொண்டுவாரும் என்றார்.